தண்ணீர் நிற்காத குழி

7

முதல் அடி காதுக்குக் கீழே விழுந்தது. இரண்டாவது அடி எங்கே விழுந்தது என்று, துப்புத் துலக்கியே மோப்பம் என்று பெயர் வாங்கியவருக்குத் தெரியாது. அதற்குள் அவர் தகரக் கொட்டகையின் வாசலில், ஒரு சிமெண்ட் மூட்டைக்கு முகம் கொடுத்துக் கிடந்தார்.

“கேள்வி முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?” என்றான் டிரம்மு. ஒப்பந்தக்காரரின் அடியாள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர்.

மோப்பம் வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினார். “ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஓவர்சியர் எங்கே?”

பதில் விலாவில் வந்தது, காலால்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஒப்பந்தக்காரர் பல் குத்திக்கொண்டிருந்தார். எந்த வேலையைக் கேட்டாலும் அடுத்த வாரம் என்று சொல்லிச் சொல்லியே ஊரில் அவருக்கு வாய்தா என்று பெயர். தெருவோரம் நாற்பது மழைக்குழி போட்டது அவர்தான். மழைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல், வீட்டுக்குள்ளும் புகாமல், குழி வழியாக மண்ணுக்குள் இறங்கி ஊற்றாக வேண்டும் என்பது திட்டம். திட்டம் நல்ல திட்டம்தான். திட்டங்கள் எல்லாமே நல்லவைதான், வாய்தா மாதிரி ஆள் கையில் போய்ச் சேரும்வரை.

“இன்ஸூரன்ஸ் கம்பெனியில எரியாத கடைக்குத் தீ வெச்சவனையெல்லாம் மோந்து பிடிச்சீராமே,” என்றார் வாய்தா. “இங்க தண்ணியில வந்து எதை மோந்து பார்க்கறீர்? ஓவர்சியர் எவளையோ கூட்டிக்கிட்டு ஓடியிருப்பான். போய்யா.”

டிரம்மு அடுத்த உதைக்குக் காலை ஓங்கினான். கால் வாசலைத் தாண்டி வெளியே வந்த அதே நொடியில், கனத்த தகரக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. நிலைக்கும் கதவுக்கும் நடுவில் அவன் கணுக்கால். ஏதோ மளுக்கென்றது. டிரம்மு போட்ட சத்தத்தில் கூரைமேல் விழுந்த மழையே கேட்கவில்லை.

கதவின் மேல் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டு கண்டக்டரம்மா நின்றாள். மோப்பத்தின் உதவியாள். இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் சீட்டு கிழித்தவள். அந்த வேலை போனாலும் வாய் போகவில்லை.

“படியில கால் வைக்காதே, படியில கால் வைக்காதேன்னு எத்தனை தடவைப்பா சொல்றது?” என்றாள். பிறகு மோப்பத்தின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். “எந்திரிங்கண்ணே. வண்டி கிளம்புது.”

மணி நாலு பத்து.

ஆறு மணிக்குள் ஒரு பையன் செய்யாத கொலைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவான். அதுதான் கதை.

ஒன்பது நாள் முன்னால், குழிகளைச் சரிபார்க்கும் ஓவர்சியர் விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினார். “இன்னைக்கு ஒரு குழியையாவது தோண்டிப் பார்த்திடறேன்” என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. எட்டு நாள் போலீஸ் கொட்டாவி விட்டது. மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்ததும் அவசரம் வந்துவிட்டது. அவசரத்துக்கு அகப்பட்டவன் ஓவர்சியரின் மச்சான், பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. தண்ணீர் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். குழியெல்லாம் வேலை செய்தால் கிணறு ஊறும், கிணறு ஊறினால் லாரித் தண்ணீரை எவன் வாங்குவான் என்று மாமனோடு சண்டை போட்டவன். சண்டையில், “உன் குழியிலேயே உன்னைப் புதைக்கிறேன் பாரு” என்று பத்துப் பேர் கேட்கக் கத்தியும் வைத்திருந்தான். போலீஸுக்கு வேறென்ன வேண்டும்? நேற்று சாயங்காலம் அள்ளிக்கொண்டு போனார்கள்.

மோப்பத்தை இந்த வேலைக்கு அமர்த்திய ஓவர்சியரின் பெண்டாட்டி, ஸ்டேஷன் வாசலிலிருந்து போனில் பேசினாள்.

“ஐயா, மத்தியானம் வரைக்கும் தம்பி கத்துறது வெளிய கேட்டுச்சு.”

“இப்ப?”

“இப்ப கேக்கலைங்கய்யா. அதான் பயமா இருக்கு. ஆறு மணிக்குள்ள எழுதி வாங்கிடுவேன்னு இன்ஸ்பெக்டர் சொல்றாரு.”

மோப்பம் போனை வைத்தார். விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

“நாப்பது குழிண்ணே,” என்றாள் கண்டக்டரம்மா, தலையில் ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு. “அந்த மனுஷன் எதைத் தோண்டினாருன்னு யாரு கண்டா? நாப்பதையும் தோண்டினா நம்ம ரெண்டு பேருக்கும் அதுலயே இடம் ஒதுக்கிடலாம்.”

“அதுக்குத்தான் மழைக்காகக் காத்திருந்தேன்.”

“மழை வந்து சொல்லுமா?”

“மனுஷன் பொய் சொல்லுவான். தண்ணி சொல்லாது. தோண்டி மூடின குழியில அது வேற மாதிரி இறங்கும்.”

தெருமுனை டீக்கடையில் மேஸ்திரி காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். ஒல்லி. கை மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரிசு. நாற்பது குழியையும் ஆள் வைத்து வெட்டி மூடியவர் அவர்தான். தோளில் மண் இடிக்கும் திமிசு: நீளக் குழாய்ப் பிடி, அடியில் சதுரமாக இரும்பு. அதை இறக்கி வைக்காமலேயே டீ குடித்தார்.

மோப்பம் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. தண்ணீர் வாரியத்துக்காகக் குழிகளைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். யாரிடமும் உண்மையை முதலில் சொல்லக்கூடாது என்பது அவர் சட்டம். முப்பது வருஷத்தில் அந்தச் சட்டம் அவரைக் கைவிட்டதில்லை. அன்றைக்குக் கைவிட்டது, அது பின்னால்.

“குழிக்குள்ள என்ன இருக்கணும் மேஸ்திரி?” என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.

“மேல செடிமண். அதுக்குக் கீழ ஆத்து மணல், ஒரு ஜாண். அப்புறம் கரி, நாலு விரக்கடை. அப்புறம் பொடிச் சல்லி. அடியில கருங்கல்லு. ஒண்ணுமேல ஒண்ணு கலக்காம உக்காரணும். அப்படிப் போட்டா எந்த மழையும் அரை மணியில இறங்கிடும்.”

“என்ன இருக்கு?”

மேஸ்திரி திமிசைத் தோள் மாற்றிக்கொண்டார். “இடிச்ச கட்டடத்துக் குப்பை சார். களிமண்ணு. சாக்குப் பை. மேல மட்டும் அரை அடி மண்ணைத் தூவிச் செடி. கல்லு கேட்டேன், அடுத்த வாரம்னாரு. கரி கேட்டேன், இதென்ன இஸ்திரிப் பெட்டியாடான்னு சிரிச்சாரு.”

“நீங்களும் மூடிட்டீங்க.”

“மூடிட்டேன்,” என்றார் மேஸ்திரி. அந்த ஒரு வார்த்தையை, தொண்டையில் சிக்கிய முள்ளைத் துப்புகிறமாதிரி துப்பினார்.

தெரு ஆறாக ஓடியது. நடைபாதை ஓரம் வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றும் பத்தடி நீளம், நாலடி அகலம். தெருத் தண்ணீர் உள்ளே இறங்கக் கல்லில் ஒரு வாய் வெட்டியிருந்தது. வாய் வெட்டி என்ன புண்ணியம்? வயிறு அடைத்திருந்தது. கல்வாழையும் கோரையும் கழுத்தளவு தண்ணீரில் நின்று தத்தளித்தன. நிரம்பிய குழியெல்லாம் வாங்கிய தண்ணீரை அப்படியே வீட்டுப் பக்கம் திருப்பி வாந்தி எடுத்தது.

ஒரு வாசலில் ஒரு பெண் வாளியால் தண்ணீரை அள்ளித் தெருவில் வீசிக்கொண்டிருந்தாள். மூன்று பேரையும் பார்த்ததும் வாளி நின்றது.

“குழிக்காரங்களா? வாங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி தண்ணி வாசல்ல நின்னுச்சு. இப்ப கட்டிலுக்கு அடியில நிக்குது. முன்னேத்தம்தான்!” அடுத்த வாளி மேஸ்திரியின் மார்பில் வந்து விழுந்தது. அவர் துடைக்கக்கூட இல்லை.

கண்டக்டரம்மா எண்ணிக்கொண்டே வந்தாள். “பதினெட்டு, ஃபுல். பத்தொன்பது, ஃபுல். இருபது, தொங்கக்கூட இடமில்லை. இருபத்தொண்ணு, ஏறாதீங்க, பின்னாடி வண்டி காலியா வருது…”

இருபத்து மூன்றில் நின்றாள்.

“அண்ணே. பின்னாடி வண்டி நிஜமாவே காலியா வருது.”

தெருத் தண்ணீர் அந்தக் குழியின் வாயில் சுழித்துக்கொண்டு இறங்கியது. உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மற்றக் குழியெல்லாம் பொங்கி வழிய, இதில் மட்டும் செடியின் அடிமண் கண்ணுக்குத் தெரிந்தது. எவ்வளவு வந்தாலும் விழுங்கியது, தாகம் அடங்காத மாடு மாதிரி.

“நாப்பதுல ஒண்ணு உருப்படியா இருக்கே!” என்று கண்டக்டரம்மா கையைத் தட்டினாள். “எவனோ தூக்கக் கலக்கத்துல தப்பித்தவறி ஒழுங்காப் போட்டுத் தொலைச்சிட்டான் போல!”

“தப்பித்தவறி வராதும்மா அது,” என்றார் மேஸ்திரி வெடுக்கென்று. “அளவு தெரிஞ்ச கை போட்டாத்தான் இறங்கும்.”

சொன்ன உடனே வாயை மூடிக்கொண்டார். கண்டக்டரம்மா அடுத்த குழியைப் பார்க்கப் போய்விட்டாள். மோப்பமும் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

“இதைத் தோண்டணும்,” என்றார்.

“இதுதான் நல்லா இருக்கே சார். கெட்டதைத் தோண்டுங்க.”

“நான் கெட்டதைத் தேடி வரலை மேஸ்திரி.”

மணி நாலு ஐம்பது. கண்டக்டரம்மாவின் போனில் தண்ணீர் புகுந்துவிட்டது. மோப்பத்தின் போனை ஸ்டேஷனுக்காக விட்டுவைக்க வேண்டும். நாலு கூலி ஆளும் நாலு மண்வெட்டியும் பிடித்துவர அவள் ஓடினாள். போகும்போது, “அண்ணே, நான் வர்றதுக்குள்ள புதையல் கிடைச்சா பாதி எனக்கு” என்று கத்திவிட்டுப் போனாள்.

பக்கத்து வாசலில் கிடந்த ஒரு மண்வெட்டியோடு மோப்பம் குழிக்குள் இறங்கினார். கல்வாழையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு ஓரமாக வெட்டினார். விலா குத்தியது. வெட்டினார். மேஸ்திரி மேலே நின்றார், திமிசைத் தோளில் சாய்த்துக்கொண்டு.

செடிமண் போனது. ஆற்று மணல் வந்தது. மோப்பம் கையை விரித்து வைத்துப் பார்த்தார். ஒரு ஜாண். இம்மி கூடுதல் இல்லை, குறைவும் இல்லை.

அதற்குக் கீழே மண்வெட்டி கருப்பாக எதையோ கிளறியது. கரி.

மோப்பம் நிமிரவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. வெட்டிக்கொண்டே யோசித்தார். வாய்தா கரி கொடுக்கவில்லை. கல் கொடுக்கவில்லை. இந்தக் குழியை ஓவர்சியர் தோண்டினார். தோண்டியதை வேறு ஒருவன் மூடினான். வாய்தாவின் ஆள் மூடியிருந்தால் கிடைத்த குப்பையை அள்ளிப் போட்டு மேலே ஏறி மிதித்திருப்பான். அந்த லாரிப் பையன் மூடியிருந்தால் மணலும் கல்லும் கலந்து கிடந்திருக்கும். இதை மூடியவன் பொணத்தை மறைக்கிற பதட்டத்திலும் ஜாண் வைத்து அளந்திருக்கிறான். கைச்செலவில் கரி வாங்கியிருக்கிறான்.

“மேஸ்திரி,” என்றார், முதுகைக் காட்டிக்கொண்டே. “கரி எங்க வாங்கினீங்க?”

மழை கொட்டியது.

“இஸ்திரி போடறவர்கிட்ட,” என்றது குரல், மிகவும் கிட்டத்தில். “ரெண்டு மூட்டை.”

மண்வெட்டி ரப்பரில் இடித்தது. முட்டிவரை போடும் பூட்ஸ். அதற்குள் கால் இருந்தது.

மோப்பம் சாய்ந்தார். அதனால் தலை பிழைத்தது. திமிசு இடது தோளில் இறங்கி, காறை எலும்பு ரெண்டாகப் போன சத்தம் அவருக்கே கேட்டது. மல்லாந்து விழுந்தார். இரும்பு மறுபடி உயர்ந்தது. காலால் உதைத்தார். மேஸ்திரி வழுக்கி அவர்மேலேயே விழுந்தார். திமிசின் பிடி மோப்பத்தின் குரல்வளைக்குக் குறுக்கே வந்து அமர்ந்தது. அந்தப் பெரிய கைகள் இரண்டு பக்கமும் அழுத்தின. சேற்றுத் தண்ணீர் காதுக்கு ஏறி, வாய்க்கு ஏறியது. மேஸ்திரியின் முகத்தில் கோபம் இல்லை. வேலை செய்கிற முகம். அதுதான் பயங்கரமாக இருந்தது.

“ஓவர்சியரு குத்தத்துக்கு என் பேரை எழுதினாரு சார்,” என்றார், அழுத்திக்கொண்டே. “முப்பது வருஷம். ஒரு குழி தண்ணி நின்னதில்லை. காகிதத்துல வாய்தா பேரே கிடையாது, என் பேருதான் இருக்குன்னாரு. கெஞ்சினேன். உன் கைதானேய்யா மூடுச்சுன்னாரு. உன் கைதானேன்னு—”

கண்டக்டரம்மா பேசாமல் வேலை செய்தது அதுவரை அவள் ஆயுசில் அந்த ஒரு தடவைதான். ஒரு முழுக் கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கி மேஸ்திரியின் முதுகெலும்பில் போட்டாள். அவர் ‘ஹக்’ என்று மூச்சை விட்டுச் சாய்ந்தார். அவள் குதித்து, மோப்பத்தின் சட்டையைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே இழுத்தாள்.

“கூலி ஆள் எங்கே?” என்றார் மோப்பம், இருமலுக்கு நடுவில்.

“யாரும் வரமாட்டேங்கறான். நான் மட்டும்தான் வந்தேன், ஸ்பெஷல் சர்வீஸ்.” அப்போதுதான் அவள் பூட்ஸைப் பார்த்தாள். அதற்கு மேல் பார்த்தாள். “ஐயோ… அவரா?”

“அவர்தான்.”

“நாத்தமே இல்லையேண்ணே, ஒன்பது நாளா…”

“கரி அடக்கிடும்,” என்றார் மேஸ்திரி, சேற்றில் உட்கார்ந்தபடி. ஓடப் பார்க்கவில்லை. வாயோரம் ரத்தம் வழிந்தது. “நடுப்பகல்ல மூடினேன் தங்கச்சி. தெரு முழுக்க ஜனம். மேஸ்திரி குழி மூடறான்னு ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்கலை. குப்பையைப் போட்டே மூடியிருக்கலாம். மனசு அதைத்தான் சொல்லுச்சு. கை கேக்கலை. கீழ ஒரு ஆளு கிடக்கறாரு, அதுக்கு மேல எப்படிக் குப்பையைக் கொட்டறது?”

“அடி சக்கை!”

அந்தக் குரல் மேலே இருந்து வந்தது. வாய்தா. கையில் பெரிய கறுப்புக் குடை. பக்கத்தில் ஒரு காலை இழுத்துக்கொண்டு டிரம்மு, அவன் கையில் வெட்டுக்கத்தி. குழியைத் தோண்டினால் குப்பை வெளியே வரும், குப்பை வெளியே வந்தால் தன் பிழைப்பு நாறும் என்று தடுக்க ஓடி வந்தவர். வந்த இடத்தில் இப்படி ஒரு காட்சி கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

“மேஸ்திரி, உனக்குள்ள இவ்வளவு பெரிய ஆளு இருக்கான்னு தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே மாலை போட்டிருப்பேன்.” குரலைத் தணித்தார். “பயப்படாதே. நான் இருக்கேன். ரெண்டு பக்கமும் தடுப்பு வெச்சுத் தெருவை மூடச் சொல்லிட்டேன், தண்ணி அதிகம்னு. ஒருத்தன் வரமாட்டான். பக்கத்துக் குழியில களிமண்ணுதான், சுலபமா வெட்டலாம். இவங்க ரெண்டு பேரையும் அதுல போடு. நீதான் நல்லா மூடுவியே.”

டிரம்மு குழியின் விளிம்பில் மண்டி போட்டுக் கண்டக்டரம்மாவின் கூந்தலைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். கத்தி அவள் தொண்டையில் உட்கார்ந்தது. லேசாகக் கீறியது, ரத்தம் மழைத்தண்ணீரோடு கலந்து கழுத்தில் இறங்கியது.

“தம்பி, சில்லறையா வெட்டாதே,” என்றாள் அவள். “மொத்தமா வெட்டிக்கோ.”

மேஸ்திரி திமிசை ஊன்றி மெல்ல எழுந்தார். மோப்பத்தைப் பார்த்தார். வாய்தாவைப் பார்த்தார்.

மோப்பத்தின் ஒரு கை செத்துத் தொங்கியது. மற்றக் கையில் ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தது அவர் யாரிடமும் முதலில் சொல்லாத உண்மை மட்டும்.

“மேஸ்திரி. நான் தண்ணீர் வாரியத்து ஆள் இல்லை. டேங்கர் லாரிப் பையனுக்காக வந்தேன்.”

“எந்தப் பையன்?”

“ஓவர்சியர் மச்சான். உங்க வேலைக்குத் தண்ணி கொண்டாந்து ஊத்தினவன்.”

“அவனுக்கென்ன?”

“நேத்து சாயங்காலம் தூக்கிட்டுப் போனாங்க. நீங்க செஞ்சதை அவன் செஞ்சான்னு அடிக்கறாங்க. மத்தியானம் வரைக்கும் கத்தினானாம். இப்ப சத்தமில்லை. ஆறு மணிக்கு அவன் கையெழுத்துப் போட்டுட்டா அவனுக்குத் தூக்கு.”

“அந்தப் புள்ளையையா?” மேஸ்திரியின் கீழ்த்தாடை தொங்கியது. “ஆளு ஓடிட்டாருன்னுதானே எல்லாரும் சொன்னாங்க…”

“அட, எவனோ ஒருத்தன் போகட்டுமேய்யா,” என்றார் வாய்தா. “உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. கேஸும் முடிஞ்சுது. காகிதத்துல எப்பவும் ஒரு பேர் வேணும். அவன் பேர் இருந்துட்டுப் போகுது.”

அவர் அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

மேஸ்திரி குழிக்குள் நின்றார்; வாய்தாவின் முட்டி அவர் மார்பு உயரத்தில் இருந்தது. திமிசு பக்கவாட்டில் ஒரே ஒரு வீச்சு வீசியது. சதுர இரும்பு முட்டிச்சில்லில் முழுசாகப் பட்டது. முட்டி, மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது. வாய்தா குடையோடு தெருத்தண்ணீரில் விழுந்து, பிறந்த குழந்தை மாதிரி வீறிட்டார். மேஸ்திரி விடவில்லை. மேலே ஏறி, அதே கால், அதே இடம், இன்னொன்று போட்டார். மண் இடிக்கிற நிதானத்தில் போட்டார்.

பிறகு டிரம்மு பக்கம் திரும்பினார்.

டிரம்மு தன் முதலாளியின் காலைப் பார்த்தான். தன் காலையும் பார்த்தான். கூந்தலை விட்டான்; கத்தியைத் தண்ணீரில் போட்டான். ஒற்றைக் காலில் ஒருவன் அவ்வளவு வேகமாக ஓடி மோப்பம் பார்த்ததில்லை.

“போன் போடுங்க,” என்றார் மேஸ்திரி. திமிசைக் கீழே வைத்தார். அன்றைக்கு அப்போதுதான் முதல்முறையாக வைத்தார். “சீக்கிரம் போடுங்க சார். இதை முதல்லயே சொல்லியிருந்தா உங்க தோளு உடைஞ்சிருக்காது.”

மோப்பம் பாலித்தீன் சுற்றி வைத்திருந்த போனை நல்ல கையால் எடுத்தார்.

மணி ஐந்து நாற்பது. ஓவர்சியரின் பெண்டாட்டி முதல் மணியிலேயே எடுத்தாள். இன்ஸ்பெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். கண்டக்டரம்மா போனின் சத்தத்தைக் கூட்டி மழையில் பிடித்தாள். மேஸ்திரி தன் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். செய்ததைச் சொன்னார், மறைக்காமல், எந்தக் குழி, என்ன ஆழம் என்பதோடு.

மறுமுனையில் இன்ஸ்பெக்டர் செருமினார். “லேட்டாயிடுச்சே. பையன் இப்பத்தான் கையெழுத்துப் போட்டான். ஏரியில தூக்கிப் போட்டேன்னு தெளிவாச் சொல்லிட்டான்.”

“எந்தக் கையால போட்டான்?” என்றார் மோப்பம்.

“என்னது?”

“கையெழுத்து. எந்தக் கையால போட்டான்னு கேக்கறேன்.”

போனில் வந்ததைப் பக்கத்தில் நின்று கேட்ட பெண்டாட்டியின் குரல் பின்னாலிருந்து வந்தது. “இடது கையாலங்கய்யா! வலது கை விரலெல்லாம் வீங்கிப்போய் மடங்கவே மாட்டேங்குது. கோணல் மாணலா, அவன் எழுத்தே இல்லைங்கய்யா அது!”

மோப்பம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். “இன்ஸ்பெக்டர். முப்பது வருஷம் கையெழுத்துப் பார்த்தே சோறு தின்னவன் நான். லைசென்ஸ்ல அவன் வலது கையால போட்டது இருக்கும். நீங்க வாங்கினது இடது கையில இருக்கும். ஏரியில போட்டதா நீங்க எழுதி வாங்கின ஆளு இங்க என் காலடியில கிடக்கறார். அந்தக் காகிதம் அவன் பண்ண கொலைக்குச் சாட்சி இல்லை. நீங்க பண்ணதுக்குச் சாட்சி. பத்திரமா வெச்சிருங்க. கிழிச்சா, கிழிச்சதைப் பார்த்தவங்க உங்க பக்கத்துலயே நிக்கறாங்க.”

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. ஒரு பூட்டு திறந்தது. யாரோ யாரையோ அதட்டினார்கள். போன் கை மாறியது.

“ஐயா… விட்டுட்டாங்கய்யா. தம்பி என் மடியிலதான் சாஞ்சிருக்கான். மூச்சு இருக்கு. பேர் சொன்னா கண்ணைத் திறக்கறான்.”

“நேரா ஆஸ்பத்திரிக்குப் போம்மா. நடுவுல எங்கேயும் நிக்காதே.”

“சரிங்கய்யா.” அவள் மூச்சை இழுத்தாள். “உங்க காலடியில கிடக்கறார்னு சொன்னீங்களே.”

மோப்பம் கண்டக்டரம்மாவைப் பார்த்தார். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குழியைப் பார்த்து நின்றாள். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஆமாம்மா. கிடைச்சிட்டார்.”

அவள் அழவில்லை. அழுவாள் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

“நல்ல மழையாச்சே,” என்றாள் கடைசியில். “அவரை நனைய விட்டுடாதீங்கய்யா.”

கண்டக்டரம்மா குழியிலிருந்து தெருவுக்கு ஏறினாள். காலைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்ட வாய்தாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குடையைப் பிடுங்கினாள். விடமாட்டேன் என்றவரின் முட்டியில் ஒரு மிதி கொடுத்தாள், விட்டார். திரும்பி வந்து குழிக்குள் இறங்கி, சேற்றில் முழந்தாளிட்டு, அந்த ரப்பர் பூட்ஸுக்கு மேலே குடையைப் பிடித்தாள்.

“தலை இந்தப் பக்கம் தங்கச்சி,” என்றார் மேஸ்திரி.

அவள் அவரைப் பார்க்காமல் குடையைத் தள்ளிப் பிடித்தாள்.